கள்ளா, தெளுவா? ஒரு கலயத்துக்குள் ஓயாத சண்டை!

திருப்பூருக்குள் தென்னம்பாளையம் இருக்கிறது. பல்லடத்தை ஒட்டிப் பனப்பாளையம் இருக்கிறது. ஒன்றில் தென்னை இருக்கிறது. மற்றொன்றில் பனை இருக்கிறது. மரத்தைச் சொல்லவில்லை, பெயரைத்தான் சொல்கிறோம்!

இன்று அந்தப் பக்கம் போனால் பனியன் கம்பெனியும் விசைத்தறியும்தான் கண்ணில் படும். தறிச் சத்தம்தான் காதில் விழும். ஆனால் ஊர்ப் பெயர்கள் பழைய சங்கதியை மறக்கவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளிப் போங்கள். காங்கயம், தாராபுரம் பக்கம் காட்டு வேலி ஓரம் பனைகள் நிற்கும். உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகள் குளுகுளு என்று இருக்கும்.

ஒரு பனையை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் இரண்டு பாளைகள். இரண்டு பாளையிலும் இரண்டு கலயங்கள் கட்டியிருக்கின்றன. ஒரு கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கிறது. மற்றொன்றில் சுண்ணாம்பு இல்லை.

பொழுது விடிகிறது. இரண்டு கலயங்களும் கீழே இறங்குகின்றன.

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இருப்பது தெளுவு. மற்ற ஊர்களில் இதைப் பதநீர் என்பார்கள். கொங்கு நாட்டில் தெளுவு என்பதுதான் பேச்சு. குழந்தைக்குக் கூடக் கொடுக்கலாம்.

மற்றக் கலயத்தில் இருப்பது கள். அதை இறக்கினால் தமிழ்நாட்டில் குற்றம். போலீஸ் வரும். வழக்கு வரும்.

ஒரே மரம். ஒரே சாறு. ஏறி இறக்கியவரும் ஒரே ஆள். நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்! அந்த ஒரு விரல் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு கொங்கு நாடு நூறு ஆண்டுகளாக வாக்குவாதம் செய்து வருகிறது. அது என்ன வாக்குவாதம்? யார் சொல்வது சரி? பார்ப்போம்.

சுண்ணாம்பு செய்யும் வேலை

பாளையின் நுனியைச் சீவினால் சாறு சொட்டும். அதில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. அந்தச் சாறு தேன் போல் இனிக்கும்.

ஆனால் காற்றிலும், பாளையிலும், பழைய கலயத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஈஸ்ட் என்று பெயர். சர்க்கரையைக் கண்டால் அவை விடுமா? சாறு சொட்டத் தொடங்கியதுமே அவை வேலையைத் தொடங்கி விடும். சர்க்கரையைத் தின்னும். சாராயச் சத்தையும் ஒரு வாயுவையும் வெளியே விடும். அந்த வாயுதான் நுரையாகப் பொங்குகிறது.

சில மணி நேரத்தில் சாறு புளிக்கும். ஒரு நாளைக்குள் நூற்றுக்கு 4, 5 பங்கு சாராயச் சத்து சேர்ந்து விடும். இதுதான் கள். இன்னும் வைத்திருந்தால் வேறு நுண்ணுயிர்கள் வந்து அதைக் காடியாக்கி விடும். அதாவது வினிகர்! கோவாவில் தென்னங்கள்ளிலிருந்து செய்த காடியைச் சமையலுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? சாற்றைக் காரத்தன்மை உள்ளதாக்குகிறது. அந்த இடத்தில் ஈஸ்டால் வேலை செய்ய முடியாது. சாறு புளிக்காமல் நிற்கிறது. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. குடித்தால் தெளுவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள் வேறு, சாராயம் வேறு. கள் தானாகப் புளிப்பது. அதில் தண்ணீர்தான் பெரும் பங்கு. சாராயம் அப்படி அல்ல. புளித்த சரக்கை அடுப்பில் ஏற்றி, ஆவியைப் பிடித்து, குளிர வைத்து வடிப்பது. அதனால் வீரியம் பல மடங்கு ஏறி விடும். இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சிச் சாராயம் வடிப்பது பெரிய தொழில்.

திண்ணைச் சண்டை

1987-க்கு முன்னால் கள்ளுக்கடையைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சைத் தொடங்கினால் போதும். திண்ணை இரண்டு கட்சியாகப் பிரிந்து விடும். இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"ஏனுங் மாமா, பனங்கள்ளு ஒசத்தியா, தென்னங்கள்ளு ஒசத்தியா?"

"இதென்னுங் மாப்பிள்ளை கேள்வி? பனைதான்! தென்னை வருசம் பூராக் கொடுக்கும். பனை சில மாசந்தான் கொடுக்கும். அருமையாக் கிடைக்கறதுக்குத்தானுங்க ருசி."

"அப்ப விடியக்காலம் இறக்கறது நல்லதுங்களா, பொழுதோடு இறக்கறதுங்களா?"

"விடியக்காலம் இறக்கறது இனிப்பு. பொழுதாக ஆகப் புளிப்பு. இனிப்பா இருந்தா அது கள்ளே இல்லீங்!"

"புளிச்சா அது கள்ளே இல்லீங்க!" என்று எதிர்த் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்.

கலயத்தைக் கழுவலாமா, கூடாதா என்று அடுத்த சண்டை. பழைய கலயத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வண்டல்தான் கள்ளுக்கு உறை மோர் மாதிரி. கழுவினால் கள் சீக்கிரம் பொங்காது என்பது ஒரு கட்சி. கழுவாவிட்டால் நாற்றம் என்பது எதிர்க் கட்சி.

தெளுவிலும் சண்டை உண்டு. சுண்ணாம்பு எவ்வளவு? குறைந்தால் புளித்து விடும். கூடினால் நாக்குக் கசக்கும், தொண்டை கரகரக்கும். அளவு புத்தகத்தில் இல்லை. மரம் ஏறுபவரின் விரலில் இருக்கிறது. பாட்டன் தடவியதைத் தகப்பன் பார்த்தார். தகப்பன் தடவியதை மகன் பார்த்தான். அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். அத்தையின் குரல். "மொதல்ல சம்பளக் கவரை இங்க குடுத்துட்டு, அப்பறம் எந்தக் கள்ளு ஒசத்தின்னு பேசுங்க!"

திண்ணை அடங்கி விடும். இந்தக் குரலைப் பிறகு கவனிப்போம்.

உலகம் பூராவும் இதே வேடிக்கை

திண்ணைக்கு மட்டுமா இந்த வியாதி? கோட்டும் சூட்டும் போட்டவர்களுக்கும் உண்டு.

மேல் நாடுகளில் 'காக்டெயில்' என்று ஒன்று உண்டு. இரண்டு மூன்று மது வகைகளையும் பழச்சாற்றையும் கலந்து செய்வது. அதில் 'மார்ட்டினி' என்று ஒரு தினுசு. ஜின் என்ற சாராயமும் வெர்முத் என்ற மூலிகைத் திராட்சை மதுவும் கலந்தது. எத்தனைக்கு எத்தனை கலப்பது? இரண்டுக்கு ஒன்றா, ஐந்துக்கு ஒன்றா? கரண்டியால் கலக்குவதா, மூடிப் போட்டுக் குலுக்குவதா? நூறு ஆண்டுக்கு மேலாகச் சண்டை தீரவில்லை.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டல் என்று பெயர் பெற்ற ஹோட்டல் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த நியாம் தோங் பூன் என்ற சீனர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கலவை செய்தார். அதற்கு 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்று பெயர். உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் முதலில் போட்ட சரக்கு என்ன, அளவு என்ன என்பதில் இன்றும் ஆளுக்கு ஒரு பேச்சு!

இந்தக் கலவைகளுக்கெல்லாம் பாட்டன் ஒன்று உண்டு. அதன் பெயர் 'பஞ்ச்'. 17-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் இங்கே பழகிக்கொண்டு போனது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகிய ஐந்தும் சேர்ந்தது. பஞ்சாங்கத்தில் உள்ள 'பஞ்ச' என்ற சொல்தான் அந்தப் பெயராயிற்று என்பது பலருடைய கருத்து. அந்த ஐந்தில் முதல் சரக்கான சாராயத்துக்குக் கோவாவின் தென்னங்கள் பேர்போனது.

ஆக, லண்டன் சீமான் குடித்த கோப்பைக்கும் நம் ஊர்த் தென்னைக் கலயத்துக்கும் உறவு உண்டு!

அவ்வையும் வள்ளுவரும்

நம் நாட்டில் சண்டை அளவைப் பற்றியது மட்டும் அல்ல. குடிக்கலாமா, கூடாதா என்பதே பெரிய சண்டை. அதுவும் இன்று நேற்றல்ல, சங்க காலத்திலிருந்தே நடப்பது.

சங்கப் பாட்டுகளில் கள்ளுக்குப் பல பெயர்கள் உண்டு. நறவு, தேறல், தோப்பி என்று வரும். தகடூரை ஆண்ட அதியமானும் அவ்வையாரும் நண்பர்கள். கள் கொஞ்சமாக இருந்தால் அவன் தனக்குக் கொடுத்து விடுவான் என்று, அவன் இறந்தபோது அவ்வை புறநானூற்றில் அழுது பாடியிருக்கிறார். அங்கே கள் நட்புக்கு அடையாளம்.

திருவள்ளுவர் என்ன சொல்கிறார்? கள் உண்ணாமை என்று ஒரு அதிகாரமே வைத்து விட்டார். 93-வது அதிகாரம். பத்துக் குறளும் குடிக்கு எதிரானவை. பெற்ற தாயே முகம் சுளிப்பாள் என்பது அவர் வாதம்.

அவ்வை கட்சி ஒரு பக்கம். வள்ளுவர் கட்சி ஒரு பக்கம். இரண்டும் தமிழ்தான்!

ஈரோட்டில் எழுந்த பெண்கள்

1921-ம் ஆண்டு. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நடக்கிறது. கள்ளுக்கடை மறியல் அதில் ஒரு பகுதி. கொங்கு நாட்டில் அதற்கு முன்னால் நின்றவர் ஈரோடு ஈ.வெ. ராமசாமி. பின்னாளில் பெரியார் என்று அழைக்கப்பட்டவர். அப்போது அவர் காங்கிரஸ்காரர்.

கள்ளுக்கு மரம் விடக்கூடாது என்று அவர் ஊருக்குச் சொன்னார். ஊருக்குச் சொன்னதோடு நின்றாரா? தம்முடைய தோப்பிலேயே 500-க்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார்!

அவர் சிறை சென்ற பிறகு அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் இறங்கினார்கள். பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே பெரிது என்ற காலம் அது. சர்க்காரின் தடை உத்தரவை மீறி அவர்கள் நின்றார்கள். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாக இன்றும் மேடைகளில் சொல்வார்கள்.

ஆனால் கதையில் ஒரு திருப்பம் உண்டு. பின்னாளில் பெரியாரே மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து எழுதினார். சட்டம் போட்டுக் குடியை நிறுத்த முடியாது என்று வாதாடினார். ஒரே மனிதர் வாழ்விலும் இந்த வாக்குவாதத்தின் இரண்டு பக்கமும் இருந்தது!

கள்ளுக்குப் பதில் விற்பனை வரி

திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் அமைத்தவர் ராஜாஜி. அங்கிருந்து 1929-ல் 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை! அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் எழுத்தாளர் கல்கி.

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதல்-மந்திரி பதவிக்கு அப்போது அந்தப் பெயர். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது.

கடை மூடினால் சர்க்காருக்கு வரும் பணம் போய்விடுமே! என்ன செய்வது? ராஜாஜி யோசித்தார். 1939-ல் புதிதாக ஒரு வரி போட்டார். அதுதான் விற்பனை வரி!

பனியன் வியாபாரிகளே, கேட்டீர்களா? பில் புத்தகத்தில் எத்தனையோ ஆண்டுகளாக எழுதி வந்த விற்பனை வரி, கள்ளுக்கடைப் பணத்துக்கு ஈடாகப் பிறந்த பிள்ளை. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தப் பிள்ளையும் அதில் கலந்து விட்டது. கள்ளுக்கடை போன பிறகும் வரி போகவில்லை. கடை திரும்பி வந்த பிறகும் வரி போகவில்லை!

திறந்ததும் மூடியதும்

1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தியடிகள் பிறந்த நாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி.

1971-ல் கலைஞர் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தள்ளி வைத்தது. வேண்டாம் என்று சொல்ல 92 வயது ராஜாஜி முதல்-அமைச்சரின் வீட்டுக்கே போனார். பலன் இல்லை. ஆனால் 1973-ல் கள்ளுக்கடையும் 1974-ல் சாராயக்கடையும் மூடப்பட்டன.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-ல் மறுபடியும் திறந்தன. 1987 ஜனவரி 1-ந் தேதி மறுபடியும் மூடின. கள்ளுக்கடைக் கதை அத்துடன் முடிந்தது.

சீமைச் சரக்குக் கதை முடியவில்லை. 1983-ல் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் தொடங்கியது. முதலில் மொத்த வியாபாரம். 2003-ல் சில்லறைக் கடையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-ம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம்.

கள் இயக்கம் கேட்கும் கேள்வி

இங்கேதான் கொங்கு விவசாயி எழுந்து நிற்கிறார்.

'தமிழ்நாடு கள் இயக்கம்' என்று ஒரு இயக்கம் உண்டு. செ. நல்லசாமி அதை நடத்தி வருகிறார். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து விவசாயிகள் பலர் அதில் பேசுகிறார்கள். அவர்கள் வாதம் இது:

"கள் ஒரு உணவு. அது போதைப் பொருள் அல்ல. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து தினமும் கள் போகிறது. இங்கே அரசே பிராந்தி விற்கிறது. வீரியம் கூடிய பிராந்திக்கு அனுமதி, வீரியம் குறைந்த கள்ளுக்குத் தடையா? விவசாயியின் மரம் என்ன பாவம் செய்தது?"

எதிர்ப் பக்கத்தார் பதில் சொல்கிறார்கள்:

"ஒரு தப்பு நடக்கிறது என்பதற்காக இன்னொரு தப்புக்குக் கதவு திறப்பதா? அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்கிறது. கடையை மூடத்தான் போராட வேண்டும். புதிய கடை கேட்டு அல்ல."

இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பது போலத்தானே தோன்றுகிறது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு

கடையில் விற்கும் பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் இருக்கும் சாராயச் சத்து சுமார் 77 மில்லி.

கள்ளில் நூற்றுக்கு 5 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கள்ளில் 50 மில்லி.

அதாவது ஒரு குவார்ட்டரும் ஒன்றரை லிட்டர் கள்ளும் ஏறக்குறையச் சமம். கள்ளின் வீரியம் குறைவு என்பது உண்மை. வயிறு நிறையக் குடித்தால் போதை ஏறும் என்பதும் உண்மை. பேரில் இல்லை விஷயம், அளவில் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. மதுவில் 'இவ்வளவு குடித்தால் கெடுதல் இல்லை' என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பது அதன் சாரம். அந்த அறிக்கை பிராந்தி, பீர், கள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. சாராயச் சத்து எதில் இருந்தாலும் அது சாராயச் சத்துதான்.

விஷம் கலந்தால்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த கொடுமையை யாரும் மறக்க முடியாது. கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதில் இருந்தது மெத்தனால் என்ற விஷம். தொழிற்சாலைகளில் பயன்படுவது. பார்வையைப் பறிக்கும். உயிரையும் பறிக்கும்.

"கள் இருந்திருந்தால் ஏழைகள் விஷச் சாராயத்துக்குப் போயிருக்க மாட்டார்கள்" என்கிறது ஒரு கட்சி.

"கள்ளிலும் கலப்படம் உண்டே!" என்கிறது மறு கட்சி. தெலுங்கானாவில் கள்ளுக்கடைக்கு அனுமதி உண்டு. அங்கே ஐதராபாத் கூக்கட்பள்ளியில் 2025 ஜூலையில் கலப்படக் கள் குடித்துச் சிலர் உயிர் இழந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

காரணம் என்ன? மரம் கொஞ்சம்தான் கொடுக்கும். கேட்பவர் அதிகம். அந்த இடைவெளியில்தான் தண்ணீரும் மயக்க மருந்தும் நுழைகின்றன. மரத்திலிருந்து இறங்கும்போது கள்ளில் விஷம் இல்லை. மரத்துக்கும் கடைக்கும் நடுவில் மனிதன் இருக்கிறான்!

சனிக்கிழமை சாயங்காலம்

இப்போது அந்த அத்தையின் குரலுக்கு வருவோம்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். டைலர், கட்டிங் மாஸ்டர், கைமடி, செக்கிங் என்று எல்லாருக்கும் அன்று கையில் பணம். காலையில் புகுந்து இரவு வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்த பணம். வாரம் பூரா குனிந்த முதுகின் கூலி.

கம்பெனி வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எவ்வளவு தூரம்? ஒரு மைல் இருக்கலாம். அந்த ஒரு மைலுக்குள் கவர் கனமாகவே இருக்குமா, இளைத்து விடுமா? அதைப் பொறுத்துத்தான் அரிசி, வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம்.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எடுக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் எடுத்த கடைகள் எங்கே போகும்? ஊருக்குள் வரப் பார்த்தன.

2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊருக்குக் கடை வேண்டாம் என்றார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். அந்தக் காட்சியை நாடே பார்த்துக் கொதித்தது.

1921-ல் ஈரோட்டில் பெண்கள். 2017-ல் சாமளாபுரத்தில் பெண்கள். நடுவில் 96 ஆண்டுகள். அவர்கள் பனையா தென்னையா என்று கேட்கவில்லை. கள்ளா பிராந்தியா என்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பணம் வருமா, வீட்டுக்காரர் நல்லபடியாக வருவாரா என்றுதான் கேட்டார்கள்.

மரம் ஏறுபவர் கேட்பது

இன்னொருவர் குரலும் காதில் விழ வேண்டும். அவர் மரம் ஏறுபவர்.

பருவ காலத்தில் தினமும் இரண்டு வேளை ஏற வேண்டும். ஒரு மரம் அல்ல, பல மரங்கள். ஒரு நாள் பாளையைச் சீவாவிட்டால் சாறு நின்று விடும். அவருக்குத் தீபாவளியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கால் தவறினால் பிழைப்பே தவறியது.

அவர் மகன் மரம் ஏறுவானா? பனியன் கம்பெனிக்குப் போனால் நிழலில் வேலை, வாரச் சம்பளம். அவன் போனது தப்பா? ஏற ஆள் இல்லாத பனை என்ன ஆகிறது? செங்கல் சூளைக்கு விறகாகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

இவருக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2017-ல் தமிழக அரசு தென்னையிலிருந்து 'நீரா' இறக்க அனுமதி கொடுத்தது. நீரா என்பது புளிக்காத தென்னஞ்சாறு. அதாவது தென்னைத் தெளுவு!

காசர்கோட்டில் மத்திய தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் பாளையில் கட்டுவதற்கு ஒரு குளிர்ப்பெட்டி செய்திருக்கிறார்கள். உள்ளே ஐஸ் இருக்கும். சாறு சொட்டும்போதே குளிர்ந்து விடும். குளிரில் ஈஸ்ட் தூங்கி விடும். சுண்ணாம்பு தேவை இல்லை. அந்தச் சாற்றுக்குக் 'கல்பரசா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாட்டன் விரலால் செய்த வேலையை ஐஸ் பெட்டி செய்கிறது!

ஆனால் சாறு ஒரு நாள் கூடத் தாங்காத பொருள். குளிர வைக்க வேண்டும், உடனே விற்க வேண்டும். அதற்குச் செலவு ஆகும். தெளுவும் நீராவும் ஊரெல்லாம் விற்றால்தான் மரம் ஏறுபவர் வீட்டில் அடுப்பு எரியும்.

வாங்கும்போது கவனியுங்கள்

மாசி, பங்குனி வெயிலில் சாலை ஓரம் தெளுவு விற்பார்கள். பனையோலையைப் பட்டையாக மடித்து அதில் ஊற்றித் தருவார்கள். நுங்கைப் பிய்த்துப் போட்டுக் கொடுப்பதும் உண்டு. வாசனை பிரமாதமாக இருக்கும்!

வாங்கும்போது இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். நுரை பொங்கினாலோ புளிப்பு வாடை வந்தாலோ அது புளிக்கத் தொடங்கி விட்டது. குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்து விடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஆசைப்பட வேண்டாம். அது சர்க்கரைச் சாறு. 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கள்ளுக்கு அனுமதி வருமா, வராதா? அது சட்டசபை முடிவு செய்ய வேண்டியது. அவ்வையும் வள்ளுவரும் தீர்க்காத வழக்கை நாம் இந்தப் பக்கத்தில் தீர்த்து விட முடியாது.

ஆனால் யார் தீர்ப்புச் சொன்னாலும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் மரத்தின் உச்சியில் இருக்கிறார். மற்றொருவர் வீட்டு வாசலில் நிற்கிறார். ஒருவருக்குப் பிழைப்பு வேண்டும். மற்றவருக்குச் சம்பளக் கவர் முழுதாக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பேசுபவர்கள் அதற்குப் பிறகு பேசலாம்!

அதுவரை அந்த இருவரும் சேர்ந்து 'சரி' என்று சொல்லக்கூடிய கலயம் ஒன்று ஏற்கனவே மரத்தில் தொங்குகிறது.

அதன் உள்ளே ஒரு விரல் சுண்ணாம்பு தடவியிருக்கிறது.